ஆழமா, அகலமா?

‘டங்!’

காருக்கு அடியிலிருந்து வந்த சத்தத்தில் ஷ்யாம்சுந்தருக்கு உயிர் போய் வந்தது. வீட்டு வாசல் வேகத்தடைதான். இறங்கிக் குனிந்து பார்த்தான். எஞ்சின் ஆயிலைத் தாங்கும் தொட்டி பிளந்து, கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

வண்டியைப் போர்ட்டிகோவுக்குள் தள்ளிவிட்டு, பொழிச்சலூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் நண்பன் ஜெரோமைப் போனில் கூப்பிட்டான். ஷெட்டில் ஒரே சுத்தியல் சத்தம். கத்த வேண்டியிருந்தது.

“மச்சான், சம்ப் வெடிச்சிடுச்சுடா! ஒரு சொட்டு நிக்கல! எல்லாம் ஒழுகிப் போச்சு!”

“இன்னாது, ஆயில் சேம்பரா? அதை இன்னாத்துக்குடா இவ்ளோ குஷியா சொல்ற?”

“பின்னே? வண்டியோட வந்ததைத் தூக்கிப் போட்டுட்டு ரேஸ் சம்ப் மாட்டணும்னு வீட்ல ஸ்நேகாகிட்ட எத்தனை நாளா கெஞ்சறேன்! இனிமே அவ எப்படி வேண்டாம்னு சொல்லுவா?”

“சர்தான். ரெண்டு கீது. ஒண்ணு ஆழம். வளைவுல எவ்ளோ வேகமா திருப்பினாலும் ஆயில் எஞ்சினுக்குப் போய்க்கினே இருக்கும். ஆனா கீழ தொங்கும். இன்னொண்ணு அகலம். அதே அளவு ஆயில் பிடிக்கும், தொங்காது. எது?”

“ஆழம்தாண்டா கெத்து! ஆனா அகலம்... ஐயோ, ஆழமா அகலமா, நீயே சொல்லேன்!”

“நான் சொல்லி, அப்பால எஞ்சின் பூட்டுதுன்னா என் தலைய உருட்டுவ. மத்தியானத்துக்குள்ள முடிவு பண்ணு. அப்பதான் ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு வண்டி ரெடி.”

அவனுடைய முதல் ரேஸ். பெயர் கொடுத்தாகிவிட்டது. ஷ்யாம்சுந்தருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்தான். டேப்பை எடுத்துப்போய் வேகத்தடையை அளந்தான். ‘ஆழம்’ என்று மெசேஜ் அடித்து அழித்தான். ‘அகலம்’ என்று அடித்து, அதையும் அழித்தான்.

அப்போதுதான் பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டு லோகநாயகி டீச்சர். ‘இது காரா, கல்யாண ஊர்வலமா?’ என்று தினமும் சண்டைக்கு வருகிறவர். அவர் வீட்டு மோட்டாரிலிருந்து பச்சை ஓஸ் ஒன்று சுவரேறி வந்து, இவன் வீட்டு ட்ரம்முக்குள் தலையை விட்டிருந்தது.

செம்பாக்கமே லாரித் தண்ணீரை நம்பிக் கிடக்கிற கோடை. அதில் பட்டப்பகலில் இப்படி ஒரு திருட்டா!

“டீச்சர்! கேட்காமக்கொள்ளாம எங்க தண்ணியை உறிஞ்சறீங்களா? அசோசியேஷன்ல சொன்னா மானம் போயிடும்!”

“உறிஞ்சறேனா? கண்ணைத் திறந்து பாருப்பா. விடறேன்!”

“என்னது?”

“காலையில நீதானே தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினே, சம்ப் வெடிச்சு ஒரு சொட்டு நிக்கலைன்னு? லாரி திங்கட்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஸ்நேகா என்ன பண்ணுவா? அதான், எங்க வீட்டுத் தரைக்கடியில இருக்கிற தண்ணி சம்ப்லேர்ந்து பாதி.”

ஷ்யாம்சுந்தர் போர்ட்டிகோவில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான்.

“ஆழமா அகலமான்னு வேற குழம்பிட்டிருந்தே. ஆழம் வேண்டாம், கீழே இடிக்கும். நம்ம தெரு பூரா பாறை. அகலமாவே போடு.”

சொல்லிவிட்டு, வழிய ஆரம்பித்த ட்ரம்மிலிருந்து ஓஸை உருவி, அடுத்த ட்ரம்முக்குள் விட்டார்.