இரவுக்கு மைனஸ் நாலு

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இருங்கள். ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்கு வந்த வினையைச் சொல்கிறேன், தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும்.

"என்ன மாதிரி அக்கா, இரவுக்கு? கண்டை வெளியிலை விடட்டே?"

வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டவள் அன்ரனெற். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவள் சந்திரவதனா. புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், வோபர்ன் என்ற இடத்தில், ஒரு டவுன்ஹவுஸ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஏப்ரல் முதல் கிழமை. பகலில் கோட்டு வேண்டாம், இரவில் வாளித் தண்ணீர் உறையும். அந்த மாதிரி நாட்கள்.

அன்ரனெற் கேட்டதில் புதினமில்லை. சந்திரவதனாவுக்குப் பள்ளிக்கூடச் சந்தியில் பிள்ளைகளை வீதி கடத்திவிடும் வேலை. காலையும் மாலையும் வெளியில் நிற்பவள், போனில் வானிலை பார்க்காமல் காலுறைகூடப் போடமாட்டாள். அந்த வரிசைக்கே அவள் சொல்வதுதான் வானிலை.

கன்று சாடியில் நிற்பது. பனி மாரி முழுக்க உள்ளே ஜன்னலோரம், வெயில் கண்டதும் முற்றம். அவசரப்பட்டு வெளியே வைத்து ஓர் இரவு உறைந்துவிட்டால் அதோடு சரி.

சந்திரவதனா மூன்று கன்று வாங்கி மூன்றையும் சாகக் கொடுத்தவள். புளித்த மோர் ஊற்றிப் பார்த்தாள். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாவூறு என்று செத்தல் மிளகாய்கூடச் சுற்றிப் போட்டாள்.

அன்ரனெற்றின் கன்றோ திரைச்சீலைக் கம்பியைத் தொட்டது.

வரிசையில் யார் வீட்டில் என்ன விசேஷமென்றாலும் இலை கேட்டுத் தட்டுவது அன்ரனெற்றின் கதவைத்தான். ஸ்ரௌவ்வில்லில் இருந்து வரும் சந்திரவதனாவின் சொந்த மகள் நிரோஷினி, காரை விட்டு இறங்கியதும் முதலில் போவது அங்கே. பிறகுதான் ஒரு கொத்து இலையோடு தாயின் படியேறுவாள். "அம்மா, இதை ஒருக்கா மணந்து பாருங்கோவன்" என்று மூக்குக்கு முன்னால் பிடிப்பாள்.

பெற்ற வயிறு பற்றுமா பற்றாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் ஐந்து வருடமாகச் சந்திரவதனா ஒரு வேலை செய்துவந்தாள். மைனஸ் காட்டும் இரவென்றால், "வையும், ஒண்டுக்கும் பயமில்லை" என்பாள். நல்ல இதமான இரவென்றால், "ஐயோ வேண்டாம், பனி கொட்டப்போகுது" என்பாள்.

விடிந்ததும் சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள். கன்று எப்படியோ தப்பியிருக்கும். ஒருவேளை அன்ரனெற்றின் புருஷன் ஜூலியஸ் வேலையால் வந்து கண்டு உள்ளே எடுத்திருப்பான். "அவளுக்கு மாதா துணை நிக்கிறா, எனக்கு ஆர் நிக்கினம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சந்திக்குப் போவாள்.

போன மாசியில் அந்தச் சந்தியில்தான் ஐஸில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்தாள்.

ஆறு கிழமை சமைத்துக் கொடுத்தவள் அன்ரனெற். வெள்ளிக்கிழமைக்கு மச்சம் மாமிசம் படாத தனிச் சட்டி. "எங்களுக்கும் தவக்காலம்தானே அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து விரதம் பிடிப்பம்" என்று சிரித்தாள்.

ரசத்தில் மிதந்த ஒவ்வொரு இலையையும் சந்திரவதனா இடது விரலால் ஒதுக்கி ஓரத்தில் வைத்தாள். ஒருநாள் ஒதுக்காமல் மென்று தின்றாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆக, இப்போது வேலிக்கரையில் போனோடு நிற்கிறாள். பகல் பதினாலு. இரவு மைனஸ் நாலு.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே போகும் அது? அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டு நின்ற பச்சையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு காந்தியது. "வையும்" என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

விழுங்கினாள்.

"வேண்டாம் அன்ரனெற். மைனஸ் நாலு காட்டுது. உள்ளுக்கு எடும்."

அன்ரனெற் அவளுடைய முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "ஓமக்கா, பெரிய உபகாரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

சந்திரவதனாவுக்குத் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நிரோஷினிக்குப் போன் எடுத்து, காரணமில்லாமல் அன்ரனெற்றைப் புகழ்ந்தாள்.

விடிய எழும்பி ஜன்னலால் பார்த்தால், சாடி படிக்கட்டிலேயே நிற்கிறது. இலையெல்லாம் கறுத்து, அவித்த கீரைபோலத் தொங்குகிறது. பக்கத்தில் அன்ரனெற் குந்தியிருக்கிறாள்.

சந்திரவதனா வீட்டுச் செருப்போடேயே ஓடினாள்.

"நான் வடிவாச் சொன்னனானெல்லே, மைனஸ் எண்டு! பிறகேன் வைச்சனீர்?"

அன்ரனெற் கோபப்படவில்லை. அதுதான் பொல்லாதது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மெல்லத்தான் சொன்னாள்.

"அஞ்சு வருசமா நீங்கள் சொல்லுறதுக்கு மாறிச் செய்துதானக்கா நான் இதைக் காப்பாத்தினனான். இந்தமுறை நீங்கள் உண்மை சொல்லுவியள் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

சரி பிள்ளைகளே, எழும்புங்கள், இருட்டுமுன் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். உங்கள் அடுப்பு ஒருநாளும் குளிராமல் இருக்கட்டும். அயலட்டை உங்களோடு ஒட்டாக இருக்கட்டும். நல்ல சொல் சொல்ல உங்களுக்கு மனம் வரும் நாளில், அதை நம்ப அடுத்த வீட்டில் ஒருவராவது மிஞ்சியிருக்கட்டும்.