கரை எந்தப் பக்கம்

குருநகர் சிமியோன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆளும் போனும் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது.

மனைவி யசிந்தாவின் போனிலும் அவருடைய இணையக் கணக்குத்தான் இருந்தது. அவர் எதைத் தேடினாலும் அவளுடைய திரையிலும் தெரியும். பூசைக்கு மறுநாள் அதில் புதிதாக ஒரு தேடல் வந்திருந்தது: “குருநகர் கரை எந்தப் பக்கம்”. அடுத்த நாளும் அதுவே வந்தது.

“ஆரோ கணக்குக்குள்ளை பூந்திட்டாங்கள் அம்மா. உதை அழிச்சுவிடுங்கோ” என்றான் மகன் ஜெரிசன்.

“முந்தியெண்டால் கடலிலை வழி தப்பினால் கொப்பர் பக்கத்து வள்ளக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார். இப்ப உதிலை கேட்கிறார். வழி கேட்கிற மனிசனுக்குச் சொல்லாமல் விடுறதோ?”

தேடும் பெட்டியில் அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: “கோயில் கோபுரத்தை நேரே பிடிச்சு வாங்கோ.” இணையம் ஏதேதோ கோயில்களின் படங்களைக் காட்டியது. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் அதையே தட்டினாள். ஜெரிசன் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனான்.

வெள்ளிக்கிழமை விடியும்போது திரையில் கேள்வி மாறியிருந்தது.

“எங்கடை வீட்டுப் படலை ஏன் பூட்டிக் கிடக்கு”

யசிந்தா தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தாள். பிறகு படலைப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.