ஈரமான ஹெட்போன்

அக்கா, அம்மாவிடம் சொல்லிவிடாதே. கண்ணை மூடினால் அந்த ஹால்தான் வருகிறது, தூக்கமே வரவில்லை. யாருக்கோ பிறந்தநாள். மிதிபட்ட கேக் க்ரீம் தரையெல்லாம் அழுக்காக வழுக்குகிறது. சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுற்ற, டிஜே மேஜைக்குப் பின்னால் அப்பா ஹெட்போனை இடது காதில் அழுத்தி, அடுத்த பாட்டைத் தான் மட்டும் கேட்டுத் தலையாட்டுகிறார். அதே சீழ் வடிகிற காது. இன்னும் சத்தம் கேட்டால் காதே போய்விடும் என்று டாக்டர் சொன்னதற்கு, "பாட்டு கேக்காத காது எனக்கெதுக்கு டாக்டர்?" என்றவர் ஆயிற்றே. தோல் உரிந்த ஹெட்போன் பஞ்சில் மஞ்சளாக ஏதோ மினுங்குகிறது. நாறுகிறது. கூட்டத்துக்கு விடும் முன் எந்தப் பாட்டையும் என் காதில்தான் முதலில் வைப்பார், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து. இன்றும் நீட்டுகிறார்.

"பாப்பா, இதக் கேளு. சொக்கிப் போயிருவ."

"சீ, தொடச்சிட்டுக் குடுங்கப்பா."

"அப்பா காதும்மா இது. என்னமோ சாக்கடைய பாத்த மாதிரி மூஞ்சியச் சுளிக்கிற!"

வாங்கி வைக்கிறேன். பஞ்சு பிசுபிசுவென்று கன்னத்தில் ஒட்டுகிறது. சத்தம் அறைந்த மாதிரி விழுகிறது. ஹெட்போன் வால்யூம் கடைசிவரை திருகியிருக்கிறது. பிடுங்கி எடுக்கிறேன்.

"காது கிழியுதுப்பா!"

"அப்படியா? எனக்கு முணுமுணுன்னுதானே கேக்குது" என்கிறார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "அடுத்தது போடுங்கண்ணே!" என்று கூட்டம் கத்துகிறது. அப்பா அந்த ஈரப் பஞ்சைத் துடைக்காமலே நல்ல காதில் வைத்து அழுத்திக்கொள்கிறார். முகம் அப்படி மலர்கிறது.