அரண்மனைத் தெருவில் ஒரு கனைப்பு

இருளப்பனின் வலது செருப்பு பழையது. இடது, தொலைந்துபோன ஒன்றுக்குப் பதிலாக நேற்று வந்தது. அரண்மனைத் தெரு முனையில் அவர் இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதும் புதுச் செருப்பு பதறியது.

“என்ன அண்ணே, அவர் காலில் புண் இருக்கிறதே! தெரு முழுக்கக் கருவேல முள்.”

“ஜமீன் வழக்கம் தம்பி,” என்றது பழசு. “ இந்த அரண்மனையைக் கட்ட மண் சுமந்தவர்கள் போட்ட குடிசைகள்தான் இந்த ஊர். அன்று முதல் இங்கே நாம் தரையில் படக்கூடாது.”

“உள்ளே யார் இருக்கிறார்கள்?”

“யாருமில்லை. கடைசி ஜமீன்தார் செத்து நாற்பது வருஷம். வௌவால்தான் குடியிருக்கிறது.”

“அப்புறம் யாருக்குப் பயந்து நமக்கு இந்தச் சவாரி?”

“கனைப்பு வரும். கேட்டால் நீயும் வாயை மூடிக்கொள்வாய்.”

முள் ஒன்று புண்ணிலேயே ஏறியது. இருளப்பன் நின்றார், சுற்றிலும் பார்த்தார், செருப்புகளைப் போட்டுக்கொண்டு நடந்தார். புதுசுக்கு ஒரே கொண்டாட்டம். பழசு நடுங்கியது.

இடிந்த வாசலுக்கு நேரே வந்தபோது, வெற்றிலை மென்ற தொண்டையிலிருந்து வருவதுபோல் கனமாக ஒரு கனைப்பு கேட்டது.

அவர் கால்கள் தாமாகவே செருப்புகளை உதறின. கைகள் அவற்றை எடுத்துக் கக்கத்தில் செருகின. மறுபடியும் கனைப்பு. விலா எலும்போடு ஒட்டிக் கிடந்த புதுசு அதிர்ந்தது.

“அண்ணே, கனைப்பது அரண்மனை இல்லை. இங்கே, இவர் நெஞ்சுக்குள்ளே!”

“தெரியும்,” என்றது பழசு. “மெதுவாகப் பேசு. அதற்குக் கேட்கும்.”