எழுபத்திரண்டாம் எண்ணின் மேல் ஒரு பெயர்

வெம்பிளி மைதானத்தின் உச்சி வரிசையில் ஒக்டோபர் வெயில் வெளிச்சத்தை மட்டும் தருகிறது, சூட்டைத் தரவில்லை. காகிதக் குவளையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, நித்தியானந்தன் கீழே மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருக்கும் மகனையே பார்க்கிறார். யனுஷன் இந்த அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்து இரண்டு வருடம். இன்னும் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. “இறங்கினாலும் பந்து இவனிட்டை வராதோ?” கனகாம்பிகை மூன்றாம் தடவையாகக் கணவரைக் கேட்கிறாள். “வராது. பந்து எறியிறவனிலை ஒருத்தரும் கை வைக்காமல் மறிக்கிறதுதான் இவனைப்போலக் கார்டின்ரை வேலை,” என்கிறார் அவர், கண்ணை எடுக்காமல். அப்போது இடது பக்கக் கார்ட் நொண்டிக்கொண்டு வெளியே வருகிறான். கைதட்டல் எழுந்து ஓய்கிறது. யனுஷன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். கதவு அகலத்துக்கு முதுகு. அதில் எழுபத்திரண்டு என்ற எண்ணுக்கு மேலே, ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பதினான்கு ஆங்கில எழுத்துகள் வளைந்து நிற்கின்றன. எங்கள் வழக்கப்படி குடும்பப் பெயரின் இடத்தில் இருப்பது தகப்பனின் பெயர். ஒலிபெருக்கி அதை வாசிக்கத் தொடங்கி, நடுவில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறது: “நித்தியானந்தன்!” “ஓம்,” என்று அவர் சட்டென எழுந்து நிற்கிறார். முப்பது வருடத்துக்கு முன் அகதி விண்ணப்ப அலுவலகத்தில் பெயர் கூப்பிட்டபோதும் இப்படித்தான் எழுந்தார். கடதாசிகளைத் தேடுவதுபோல் கை இப்போதும் சட்டைப்பைக்குப் போகிறது. “இருங்கோப்பா, அவங்கள் கூப்பிட்டது பிள்ளையை,” என்று சிரிக்கிறாள் கனகாம்பிகை. அவர் உட்காரவில்லை.