வாசல் தளமும் அடியிலிருந்த களிமண்ணும்

ஒரு வீட்டு வாசலில் கார் நிறுத்தப் புதுசாகக் கான்கிரீட் தளம் போட்டார்கள். மேஸ்திரிக்கு அவசரம். கீழே மணல் விரிக்காமல் களிமண்ணின் தலைமேலேயே கலவையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

மழை பிடித்தது. களிமண் வயிறுமுட்டத் தண்ணீர் குடித்து உப்பிக்கொண்டு, "அண்ணே, மேல யாரு வந்திருக்கா? அண்ணே, சொல்லுங்கண்ணே!" என்று தளத்தை முட்டி முட்டிக் கேட்டது.

"சீ, ஒட்டாத! தள்ளிப் போடா" என்று தளம் எரிந்து விழுந்தது.

வெயில் வந்தது. களிமண் தொண்டை வறண்டு, சுருங்கி, கீழே இறங்கித் தூங்கிப்போனது. தளத்தின் அடியில் வெறும் பள்ளம்தான். தளத்தை இப்போது ஓரத்தில் கட்டியிருந்த செங்கற்கள் மட்டுமே தாங்கின. முட்டவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

பல நாள் வீம்பாக இருந்துவிட்டு, "டேய், இருக்கியா?" என்றது தளம்.

"இருக்கியா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

தளத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கோபமாடா?"

"கோபமாடா?"

"இனிமே திட்டமாட்டேன்."

"திட்டமாட்டேன்."

அதன்பிறகு தினமும் இதே பேச்சுதான். தளம் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் புதுக் காரை வாசலில் ஏற்றினார். "டேய், கொஞ்சம் தாங்கிக்கடா!" என்று தளம் அலறியது.

"தாங்கிக்கடா!" என்று கீழேயும் அலறல் கேட்டது.

நடுவில் படாரென்று பிளந்து தளம் பள்ளத்தில் விழுந்தது. களிமண் திடுக்கிட்டு விழித்தது.

"வாங்கண்ணே. இத்தனை நாளா யார்கூடப் பேசிக்கிட்டிருந்தீங்க?"