டாக்டரின் மூன்றாவது கை

முத்தம் ஒன்று நூற்று எண்பது ரூபாய்.

கட்டியணைத்தால் நூற்றிருபது. நெற்றியில் கொடுக்கும் முத்தம் இனாம். அதைப் படிக்க எந்த வாசகியும் காசு கட்டுவதில்லை என்று கதைச் செயலிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

செம்மண்டலத்து வீட்டில் உட்கார்ந்து ஜோதி மேரி அந்தச் செயலியில் காதல் தொடர்கதை எழுதுகிறாள். கணவன் ஆரோக்கிய ஜெகனுக்குச் சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக்கடை. "முப்பதாவது அத்தியாயத்துக்கு முன்னாடி முத்தத்த எறக்காத. சரக்கு மலிஞ்சா மதிப்பு போயிடும்" என்று அவளுக்கு யோசனை சொன்னவன் அவன்தான்.

யோசனையோடு நிற்கவில்லை. உடம்பையும் கொடுத்தான்.

போன வருஷம் கதாநாயகன் டாக்டர் ஆகாஷ் ஒரு கையால் நாயகியின் இடுப்பை வளைத்து, மறு கையால் முகவாயை நிமிர்த்தி, மழைக்குக் குடையும் பிடித்திருந்தான். "டாக்டருக்கு மூணு கையா அக்கா?" என்று பண்ருட்டி வாசகி ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ஜெகனை நிறுத்திப் பார்க்காமல் ஜோதி ஓர் அணைப்பையும் எழுதியதில்லை. கை எட்டுகிறதா, மூக்கு இடிக்கிறதா, எல்லாம் சரிபார்த்த பிறகே எழுத்து. டாக்டர் ஆறடி இரண்டு அங்குலம். ஜெகன் ஐந்தடி ஐந்து. குறைகிற உயரத்தை ஒரு குட்டை ஸ்டூல் ஈடுகட்டியது.

அந்த ஸ்டூல் பதினோரு நாளாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

சிதம்பரத்தில் ஜெகனின் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. பந்தியில் ஜோதியின் கதையைச் சொல்லி உறவுக்காரர்கள் கேலி செய்ய, பிரியாணித் தட்டும் கையுமாக ஜெகன் சொல்லிவிட்டான்: "எங்க வீட்டு ரொமான்ஸ் எல்லாம் எக்ஸ்போர்ட் சரக்கு மச்சான். உள்ளூர்ல ஸ்டாக் இல்ல!"

பந்தியே சிரித்தது. தயிர்ப்பச்சடி பரிமாறிக்கொண்டிருந்த ஜோதி சிரிக்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. டீ வந்தது, டம்ளரை வைக்கும் சத்தத்தோடு. சட்டை வந்தது, இஸ்திரி போடாத காலரோடு. ஜெகனுக்கும் பேச ஆசைதான். ஆனால் முதலில் விலை சொல்கிறவன் தோற்றான் என்பது கடைவீதிப் பாடம். வாயைத் திறக்கவில்லை. வீம்புக்கு, அவள் கதையைப் படிப்பதையும் நிறுத்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஹாலுக்கு வந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை சிவப்பு. ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து சன்னலோரம் விட்டாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"டாக்டர், கொஞ்சம் இப்படி வாங்க. கையில மருதாணி காயல. முடி கண்ணுல வுழுது."

ஜெகன் பேப்பரை மடித்தான். அத்தியாயம் அவசரம் போலிருக்கிறது. இறங்கி வந்துவிட்டாள்! கதை வசனம் பேச்சில் சேராது என்று நினைக்கிறாளோ என்னவோ. பேச்சு பேச்சுதானே.

ஏறி நின்று முடியை ஒதுக்கினான். இடது கை இடுப்புக்கு எட்டியது. மூக்கு இடிக்கவில்லை. மிளகாய்த்தூள் நெடியில் டாக்டருக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அன்னிக்கி அத்தன பேரு முன்னாடி என்னை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கதையில் டாக்டரும் எங்கேயோ உளறியிருப்பான் போல. ஜெகன் டாக்டருக்காகச் சொன்னான்:

"தப்புதான். வாய்க்கொழுப்பு. மன்னிச்சிடு."

"டாக்டர் இப்படியா பேசுவாரு, தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்குற மாரி? காதுகிட்ட வந்து சொல்லுங்க."

ஸ்டூல் ஆட ஆட, காதருகே குனிந்து இன்னொரு முறை சொன்னான். இந்தத் தடவை குரல் கம்மியது. மிளகாய்த்தூள்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டான்.

அவள் அசையாமல் நின்றாள். காது மடல் சிவந்திருந்தது. மசாலாக் கையை அவள் அங்கே வைக்கவே இல்லை.

"போதும். கெடச்சிடுச்சி" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜெகன் ஸ்டூலிலேயே உட்கார்ந்தான். நல்ல வியாபாரம். கைமுதல் போடாமல் சண்டை தீர்ந்தது.

சோபாவில் கிடந்த அவள் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தான். ஒரு வாசகியின் கருத்து: 'அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே அக்கா! அடுத்த கதை எப்ப?'

கதையைத் திறந்தான். கடைசி அத்தியாயம் வியாழக்கிழமையே வந்திருந்தது. அடியில் 'முற்றும்' என்று போட்டிருந்தது.

அவன் படிக்காமல் விட்ட அத்தியாயங்களை ஒன்றுவிடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தான். டாக்டர் யார் முன்னாலும் யாரையும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கடைசி நான்கு அத்தியாயங்களில் டாக்டர் ஊரிலேயே இல்லை. நாயகியோடு போனில்தான் பேசுகிறார். ஒரு முத்தம் கிடையாது. ஓர் அணைப்பு கிடையாது.

உள்ளே வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டது.

ஜெகன் மறுபடியும் கணக்குப் போட்டான்.

முதல் பேச்சு: ஜோதி மேரி பேரில் வரவு ஒன்று.

மன்னிப்பு: டாக்டர் ஆகாஷ் பேரில் வரவு இரண்டு.

ஆரோக்கிய ஜெகன் பேரில், நாளது தேதிவரை பாக்கி.